கிளட்சை மிதிக்கிறேன், மூச்சை விடுகிறேன்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அக்கா மிகுந்த பொறுமையோடு எழுதிக்கொள்வது. பொறுமை என்று மரியாதைக்காகப் போடவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக வெளியே விட்ட பிறகுதான் பேனா மூடியையே கழற்றினேன். இங்கே நான் சுகம். உன் அத்தான் சுகமாக இருந்துகொண்டே சுகமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், இருந்தே தீர வேண்டும். ஏனென்றால் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் உன்மேல் புகார், அதைப் படிக்கத் தெம்பு வேண்டும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ "அக்கா, மொதல்ல ஒரு மூச்சு எடுத்துக்கோ" என்கிறாய். மூச்சை எடுத்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது பார். அதனால் உட்கார், காலை நீட்டிக்கொள், முழுக்கக் கேள்.

உன் அத்தான் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர் என்று உனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக் காரை அவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயப் பையை மடியில் பிடித்துக்கொள்வேன், அதுதான் இந்தக் குடும்பத்தின் போக்குவரத்து. வலக்கண்ணில் நரம்பு தளர்ந்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடவும் குளிக்கவும் எழுந்திருக்கிறார், அதையெல்லாம் எழுந்ததாகச் சேர்க்க முடியாது. கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது, இவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே கிடந்தார். தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, "ரெண்டாவது கியர்ல போக வேண்டியவன் மூணுல போட்டு இழுக்கிறான் பாரு, இவனெல்லாம் டிரைவரா?" என்று திட்டுவார். அவர் வாயால் 'டிரைவர்' என்று பேர் வாங்கியவர்கள் அவரோடு வேலை பார்த்த நாலு பேர்தான். மற்ற உலகம் மொத்தமும் அவருக்கு 'ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளு'. அந்த நாலு பேரும் வாரத்துக்கு ஒரு நாள் டிப்போவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் கூடுவார்கள். இவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலை. இப்போது அவர்கள் கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறார். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. பஸ்ஸில் போங்களேன் என்றால், "நான் ஓட்டின பஸ்ல நானே பின்னால போய் உக்கார்றதா?" என்கிறார். டாக்சி என்றால், "அவனுக்குக் கிளட்ச் எதுக்கு இருக்குன்னே தெரியாது" என்கிறார். நடந்து போவதற்கு டிப்போ பக்கத்திலும் இல்லை. ஆக, நண்பர்கள் அங்கே, இவர் இங்கே, நடுவில் அந்த நாற்காலி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை தங்கச்சி, அந்த மனுஷர் என் கண்ணெதிரே நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் முடிவு செய்தேன். நாமே லைசென்ஸ் எடுப்பது, இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, டீக்கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்குவது. இந்த வயதில் எதற்கு என்று கேட்காதவர்கள் யாரும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரே கேட்டார். "உங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

முதல் தடவை டெஸ்டில், காரைப் பின்னால் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். கண்ணாடியைப் பார்த்தேன், கம்பு தெரிந்தது. கம்பைப் பார்த்ததும் மாடியில் துணி காயப்போட்டது ஞாபகம் வந்தது, துணி ஞாபகம் வந்ததும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன், வானத்திலிருந்து கண்ணை இறக்குவதற்குள் கம்பு படுத்துவிட்டது. அடுத்த தடவை கம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் ரோட்டில் அதிகாரி "அடுத்த திருப்பத்துல திரும்புங்க" என்றதற்கு, நான் ஆபீஸ் பழக்கத்தில் "உங்க புகார் பதிவாயிடுச்சு, ஆள் வருவாங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்விட்டேன். குடிநீர்ப் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கப் போன் எடுக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? அந்த அதிகாரி இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து அழுதேன். நீ சொன்னாய்: "அக்கா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாம இல்ல. வண்டியில உக்காந்திருக்கிறப்போ நீ வண்டியில இல்ல, அதான் பிரச்சினை." நல்ல வார்த்தை, ஒத்துக்கொள்கிறேன். அதோடு விட்டிருக்கலாம். நீ வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மைண்ட்ஃபுல்னஸ் என்று பேர் சொல்லி, ஒரு குரல் பதிவையும் அனுப்பிவைத்தாய். அதைப் போட்டதும் ஒரு ஆள் "இப்போ... உங்க மூச்ச... கவனிங்க..." என்று இழுத்தார் பார், உன் அத்தான் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு? அவன் ஏன் இப்படி இழுக்கிறான்? பாட்டரி தீர்ந்துபோச்சா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் தூங்கிப்போயிருந்தேன். முதல் வாரம் முழுக்க அந்த இழுவைக் குரல்காரர் என்னைத் தூங்கவைத்தார், உன் அத்தான் திட்டி எழுப்பினார். ஆனாலும் விடவில்லை. ஒன்றைச் செய்யும்போது அதை மட்டும் செய்ய வேண்டும், மனசுக்குள் என்ன வந்தாலும் சண்டைக்குப் போகாமல் அதன் பேரைச் சொல்லி, 'வந்தாயா, சரி' என்று விட்டுவிட வேண்டும், அலைந்தால் திட்டாமல் திருப்பிக் கூட்டிவர வேண்டும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் என் மனசைத் திட்டாமல் கூட்டிவந்ததே கிடையாது, தரதரவென்று இழுத்துத்தான் வருவேன்.

வீட்டில் ஆரம்பித்தேன். தக்காளி நறுக்கும்போது தக்காளியை மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். அதன் சிவப்பு, அதன் பளபளப்பு, காம்பைச் சுற்றி இருக்கும் பச்சை நட்சத்திரம், இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலா அறுத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "தக்காளியப் பொண்ணு பாத்தது போதும், வெட்டு! பசிக்குது!" பசி என்ற சத்தம் வருகிறது, வந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவர் தானே எழுந்து வந்து ரொட்டியை எடுத்துத் தின்றார். நாற்காலியிலிருந்து அவரை எழுப்பிய முதல் வெற்றி என்று அதைக்கூட நான் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆபீசில்தான் கொஞ்சம் அத்துமீறிப்போய்விட்டது. ஒரு அம்மா போனில், சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது, வீடு பூரா தண்ணீர் என்று அலறினார். வழக்கமாக நான் விலாசம் கேட்டுக்கொண்டே, மனசுக்குள் சாயங்காலச் சமையலை முடித்துவிடுவேன். அன்றைக்கு முழுக் கவனத்தோடு கேட்டேன். கேட்டதால் அந்த அம்மாவின் மூச்சு இரைப்பது கேட்டது. "அம்மா, ஒரு நிமிஷம் கண்ண மூடி மூச்ச விடுங்க" என்றேன். "கண்ண மூடினா நான் மிதந்து போயிடுவேன்!" என்றார். "சரி, திறந்துகிட்டே விடுங்க" என்றேன். விட்டார். இன்னொன்றும் விட்டார். மூன்றாவது மூச்சில் "அடக் கடவுளே, வாசல்ல பெரிய வால்வு ஒண்ணு இருக்குதே!" என்று ஓடினார். ஆள் போவதற்கு முன்னாலேயே தண்ணீர் நின்றுவிட்டது. இதில் என்ன கோளாறு என்று கேட்கிறாயா? அடுத்த நாள் அதே அம்மா கூப்பிட்டு, மருமகள் பேசுவதில்லை, அதற்கு என்ன மூச்சு விடுவது என்று கேட்டார். அதற்கடுத்து அவருடைய பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டார். கடைசியில் ஊரில் பாதிப் பேர் "அந்த மூச்சு அம்மாவக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்ததும், பிரிவு அதிகாரி வந்து என் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இது தண்ணிப் பிரிவு, காத்துப் பிரிவு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்ததை நான் கவனித்தேன். சொல்லவில்லை. வேலை முக்கியம்.

இனி வண்டிக்கு வருகிறேன். அந்த இழுவைக் குரல்காரர் மனசுக்குள் பேர் சொல்லச் சொன்னார். என் மனசுக்குத் தனியாக ஒரு வாயா இருக்கிறது? இருப்பது ஒரே வாய், அதனால் சத்தமாகத்தான் சொன்னேன். "கிளட்ச மிதிக்கிறேன். மூச்ச விடுறேன். முதல் கியர் போடுறேன். பயம் வருது. வந்தியா, சரி, பின்னால உக்காரு." மாஸ்டர் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். "யாரும்மா பின்னால?" என்றார். "பயம்" என்றேன். அன்றைக்கு அவர் தன் பக்கத்து பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. ஆனால் வண்டி ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை தெரியுமா! அதற்கு முன்னால் தெருவுக்குத் தெரு இருமி இருமி நிற்கும். வாய் சாலையைச் சொல்லிக்கொண்டிருந்ததால், மனசு மாடிக்கும் அடுப்புக்கும் ஓட நேரமே கிடைக்கவில்லை. ஒரே ஒரு அசம்பாவிதம், சிவப்பு விளக்கில். நின்றேன், நின்ற இடத்தில் மூச்சைக் கவனித்தேன், பச்சை வந்தது, போனது, மறுபடி சிவப்பு வந்தது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். "சத்தம் வருது, வந்துபோகுது" என்று அமைதியாக உட்கார்ந்திருந்தேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, சத்தம் வந்து போகாது, நீங்கதான் போகணும்" என்றார். அன்றிலிருந்து விளக்கில் மூச்சை விட்டுவிட்டு விளக்கையே கவனிக்கிறேன். எதைக் கவனிப்பது என்பதையும் கவனிக்க வேண்டும் என்று அந்த இழுவைக் குரல்காரர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நீயாவது சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது டெஸ்டுக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. சிரித்தால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல ஒரு முகம். ஏறி உட்கார்ந்ததும் "ஆரம்பிங்க" என்றார், நான் ஆரம்பித்தேன். "பெல்ட் போடுறேன். கண்ணாடி பாக்கிறேன். பயமும் ஏறுது. ஏறட்டும், பின்சீட்டு காலிதான்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். "ஹேண்ட்பிரேக் பிடிக்கிறேன். கிளட்ச மெதுவா விடுறேன். வண்டி நடுங்குது, நானும் நடுங்குறேன், ரெண்டு பேரும் சேந்து ஏறுறோம்." ஏறிவிட்டோம், ஒரு அங்குலம் பின்னால் வரவில்லை. "பக்கத்துல ஒருத்தர் பெருமூச்சு விடுறார்" என்றேன். "என்ன?" என்றார். "உங்களச் சொல்லல மேடம், சத்தத்தச் சொன்னேன்." கடைவீதியில் திரும்பினோம். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன்: "சைக்கிள் போகுது, போகட்டும். ஒரு அம்மா ரோட்டக் கடக்கலாமா வேணாமான்னு நிக்கிறாங்க, கடக்கட்டும். லாரி நிக்குது. லாரிக்குப் பின்விளக்கு எரியுது. லாரி பின்னால வருது. நிறுத்துறேன்." நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தபோது, லாரியின் பின்பக்கம் எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. லாரிக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் தன் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து இறங்கியதும், "பாஸ்" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, "ஆனா அடுத்தவங்க கூட இருக்கும்போது மனசுக்குள்ள சொல்லுங்க" என்றார்.

நான் அங்கேயே, அந்த மண் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்கு அது நிம்மதியின் கண்ணீர்.

வீட்டுக்குப் போய் லைசென்ஸை உன் அத்தான் கையில் கொடுத்தேன். இடது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "போட்டோ நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். "வாங்க, டிப்போவுக்குப் போகலாம்" என்றேன். "பக்கத்து சீட்லயா? நானா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் ஒரு நாள், தெருமுனைவரைக்கும் என்று வந்து ஏறினார். மேடம் சொன்ன மாதிரியே வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினேன். இந்த மனுஷருக்கோ கையும் காலும் ஒரு இடத்தில் இல்லை. இல்லாத பிரேக்கை மிதிக்கிறார், மிதிக்கிற மிதியில் காலடி விரிப்பு சுருண்டு போகிறது. "ஏய், அந்தப் பக்கம் என்ன வருது? பாத்தியா? பாத்தியா இல்லையா? சொல்லேன்!" என்று கத்துகிறார். நான் பார்த்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை, அடக்கத்தின் சிகரமாக உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு காரின் சாவியை எடுத்தாலே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

உனக்குக் கடிதம் எழுதுவதன் காரணம் இதுதான் தங்கச்சி. உன் பயிற்சியால் நான் நினைத்ததைச் சாதித்தேன், அதை உன் வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிக்கொள். ஆனால் எதற்காகச் சாதித்தேனோ அது அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்காக நான் உடைந்துபோய்விட்டேன் என்று நினைக்காதே. விடப்போவதில்லை. கம்பை விழத்தட்டியபோதே விடாதவள், இதையா விடுவேன்? இன்னும் கவனத்தைக் கூட்டுவேன், இன்னும் நிதானமாக ஓட்டுவேன், தினமும் காரை எடுத்து அவர் ஜன்னலுக்கு முன்னாலேயே போய்வருவேன், என்றைக்காவது ஒரு நாள் அந்த மனுஷரே "நல்லாத்தான் ஓட்டுறா" என்று சொல்லி ஏறத்தான் போகிறார். ஒன்று மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். இந்தப் பயிற்சிக்குப் பிறகு என் கவனத்துக்குத் தப்பி எதுவும் போவதில்லை. முன்பெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவேன் இல்லையா? அந்த அக்கா போய்விட்டாள். இப்போது இந்த வீட்டில் ஒரு குண்டூசி காணாமல் போகாது. நான் எங்கே இருக்கிறேனோ அங்கே முழுக்க இருக்கிறேன், கையில் எது இருக்கிறதோ அது கையிலேயே இருக்கிறது.

காரை எடுத்துக்கொண்டு போய் நானே இதைத் தபாலில் போடப்போகிறேன். தபால் நிலையம் நடக்கிற தூரம்தான், ஆனால் லைசென்ஸ் எடுத்த பிறகு நான் எதற்கும் நடப்பதில்லை.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. மூத்தவளுக்கும் சின்னவளுக்கும் ஆளுக்கொரு முத்தம், இரண்டுக்கும் சண்டை வந்தால் இன்னும் ஒன்று கூடுதலாக. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மூச்சோடும் நன்றாக இரு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
கவனத்தில் ஒரு குறையும் இல்லாத உன் அக்கா

பின்குறிப்பு: மேலே கையெழுத்தில் 'கவனத்தில் ஒரு குறையும் இல்லாத' என்று போட்டதை அடித்துவிடு. அதற்கு மேலே, குண்டூசி பற்றி எழுதியிருப்பதையும் அடித்துவிடு.

காரில் தபால் நிலையத்துக்குப் போனேன். அழகாக நிறுத்தினேன். சாப்பாட்டு நேரம், மூடியிருந்தது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வெயில் இதமாக இருந்தது. நடையையும் கவனித்து நடக்கலாம் என்று நீ ஒரு தடவை சொன்னாயே, குதிகால் படுகிறது, பாதம் படுகிறது, விரல் படுகிறது என்று, அது ஞாபகம் வந்தது. தங்கச்சி, இந்த ஜென்மத்தில் நான் அப்படி ஒரு நடை நடந்ததில்லை. ஒரு நினைப்பு குறுக்கே வரவில்லை. ஒவ்வொரு அடியும் பூ மாதிரி. வீட்டுப் படியில் காலை வைத்தபோது மனசு துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

உன் அத்தான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கார் எங்க?" என்றார்.

நான் கையைப் பார்த்தேன். கையில் கடிதம் இருந்தது. "வெக்கம் வருது" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். "தபாலாபீஸ் வாசல்ல கார் நிக்குது. எனக்கு அழுகையும் வருது."

அவர் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, "முழு வண்டிய விட்டுட்டு வந்திருக்கா! முழு வண்டிய!" என்று சிரித்தார். நானும் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தேன். பார்த்தால் மனுஷர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார். செருப்பைத் தேடுகிறார். "எங்க போறீங்க?" என்றேன். "ரோட்ல வண்டிய அனாதையா விட்டுட்டு வந்துட்டு, எங்க போறீங்கன்னு கேக்கிறியா? வா" என்றார்.

நடந்தே போனோம். அவருக்கு வலப்பக்கம் நான். பதற்றத்தில் வாய் ஓயவில்லை: "படி வருது. பள்ளம் இருக்குது. சைக்கிள்காரர் மணி அடிக்கிறார், ஒதுங்கிக்கங்க." அவர் நான் சொன்ன இடத்தில் ஒதுங்கி, சொன்ன இடத்தில் காலைத் தூக்கிவைத்துக் கூடவே வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து, சக்கரத்துக்கும் ரோட்டோரக் கோட்டுக்கும் நடுவே சாண் வைத்து அளந்து பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கதவின் பிடியில் கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

நான் வண்டியை எடுத்து, மேடம் சொன்னது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டே? பேசு" என்றார்.

"மனசுக்குள்ள சொல்லிக்கிறேங்க."

"உன் மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வலப்பக்கம் ஒண்ணும் தெரியலம்மா. நீ பேசாம ஓட்டினா இருட்டுக்குள்ள போற மாதிரி இருக்கு. நீ சொல்லிக்கிட்டே வா, நான் பாத்துக்கிட்டே வரேன்."

அன்றைக்குத் தெருமுனையில் அவர் இறங்கிப் போனது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பயிற்சி செய்து, தக்காளியைக் கவனித்தேன், மூச்சைக் கவனித்தேன், பக்கத்து சீட்டில் இருந்தவரைக் கவனிக்கவில்லையே!

சொன்னேன் தங்கச்சி. ரோட்டில் போனது, வந்தது, நின்றது ஒன்றுவிடாமல் தொண்டை வறளச் சொன்னேன். அவர் கால் பிரேக்கைத் தேடவில்லை, விரிப்பு சுருளவில்லை. வீட்டுத் தெரு வந்ததும், "வீட்டுத் தெரு வருது" என்றேன். "வரட்டும், நேராப் போ" என்றார்.

இதை டிப்போவுக்கு எதிரே, காருக்குள் உட்கார்ந்து, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவர் கடைக்குள் இருக்கிறார், நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் காரை மறந்த கதைதான் ஓடுகிறது, சிரிப்புச் சத்தம் இங்கே வரைக்கும் வருகிறது. மானம் போகிறது. போகட்டும், திரும்பி வரும்.

இப்போது ஒருத்தர், "ஆமா, முழங்கால் வலின்னியே, எப்படி வந்தே? பஸ்லயா?" என்று கேட்டார். உன் அத்தான் டீ டம்ளரை வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பஸ் எதுக்குடா? டிரைவர் வெளிய வெயிட் பண்றாங்க."